ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் மின்ட் போடுவது எப்படி

தங்கச்சியின் லேப்டாப் 2016இல் வாங்கியது. போன வாரம் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (கிளம்புவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை) என்று ஒற்றை வரி, உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம். இந்த நிலையில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்தும் பார்க்காதீர்கள், டிஸ்கில் மிச்சமிருக்கும் கொஞ்ச உயிரும் அதிலேயே போய்விடும். வேறெங்கும் நகல் இல்லாத கல்யாணப் படங்கள் மாதிரி ஏதாவது உள்ளே இருந்தால் இங்கேயே நிறுத்தி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தொடரலாம்: பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு டிரைவ்) மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் போகிறோம்.

முதல் வேலை பென்டிரைவ், 8 ஜிபி போதும். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டால் செய்யத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) டவுன்லோடு செய்து, எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுத வேண்டும் (அதில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும்). கோப்பைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது லேப்டாப் அதிலிருந்து கிளம்பாது. ஏன் மின்ட் என்றால், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, 11ஓ இவ்வளவு பழைய பிராசஸரை முறைப்படி ஏற்காது. ரேம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள்.

இப்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே பென்டிரைவைச் செருகி ஆன் செய்யுங்கள். டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஆன் ஆகும்போதே அந்த விசையை அழுத்தினால் பூட் மெனு (எதிலிருந்து கிளம்புவது என்ற பட்டியல்) வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே மின்ட் டெஸ்க்டாப் திறக்கும், இதுதான் எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது. 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) என்ற பகுதியைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) வரிசையில் பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண் இருந்தால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். டிஸ்க் தெரியவே இல்லையென்றால் கனெக்டர் தளர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, கீழே சொல்லும் முறையில் ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டிப் பாருங்கள், காசு மிச்சமாகலாம்.

எங்களுக்கு டிஸ்க் தெரிந்தது. மொத்தமாக இழுத்துப் போடாமல், முக்கியமான ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக வெளி டிரைவுக்குக் காப்பி செய்தேன். காலேஜ் டூர் ஃபோல்டரில் மட்டும் பதினேழாவது படத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதைக் கேன்சல் செய்து அடுத்ததற்குப் போய்விட்டேன், மோசமான இடத்தில் மல்லுக்கட்டினால் நல்ல இடமும் போய்விடும்.

அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர். சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கீழ் மூடி வர மறுத்தால் பலம் காட்டாதீர்கள், ரப்பர் காலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஸ்க்ரூக்களை ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு வையுங்கள். டிஸ்கை மேலே தூக்கக் கூடாது, கனெக்டரை விட்டு விலகும்படி பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அதைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புது எஸ்எஸ்டிக்கு மாட்டுங்கள். வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா (கனெக்டர் வகையின் பெயர்) எஸ்எஸ்டி, பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றாலும் அந்தச் சட்டம் இருந்தால் ஆடாது.

மூடியை மாட்டி, மறுபடி பென்டிரைவில் பூட் செய்து 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகானைத் திறங்கள். 'இரேஸ் டிஸ்க்' (டிஸ்கை முழுதாக அழிக்கவா) என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: படங்களைக் காப்பி செய்த வெளி டிரைவ் அப்போது செருகியிருக்கக் கூடாது, பட்டியலில் புது எஸ்எஸ்டியின் அளவுதான் தெரிகிறதா என்று பாருங்கள். 240 ஜிபி என்று வாங்கியது சில இடங்களில் 223 என்று தெரியும், ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு. மற்றபடி பெயர், பாஸ்வேர்டு, நேர மண்டலம், அவ்வளவுதான். முடிந்ததும் பென்டிரைவை எடுக்கச் சொல்லும், எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

பழைய டிஸ்கைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள், பூட் ஆகாத டிஸ்கிலிருந்தும் ஆதார் நகலை எடுக்க முடியும். தங்கச்சி அதை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள், பதினேழாவது படத்துக்காக.