ஓடைப் பாறையில் படுத்திருப்பது எந்தப் பாம்பு?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓக் கிரீக் மாதிரி பாறை நிறைந்த ஓடைக்குப் போகிறீர்களா? தண்ணீரை ஒட்டிய கல்லிலோ தாழ்ந்த கிளையிலோ பழுப்பு நிறத்தில் ஒரு பாம்பு வெயில் காய்ந்தால், கம்பைத் தேடாமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று முதுகைப் பாருங்கள். அது ஒடுங்கிய தலை கார்ட்டர் பாம்பாக இருக்கலாம். கார்ட்டர் என்ற வட அமெரிக்கப் பாம்பு வகை என்றதும் உடம்பு நெடுக ஓடும் மஞ்சள் கோடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும், ஆனால் இந்த இனத்துக்கு அப்படித் தெளிவான கோடு கிடையாது. மண் நிறமோ ஆலிவ் நிறமோ கொண்ட முதுகில் செம்பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்து, வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். நடு முதுகில் ஆரஞ்சுக் கோடும் கழுத்தில் இரண்டு கருந்திட்டுகளும் இருந்தால் அது கருங்கழுத்து கார்ட்டர், வேறு இனம்.

அப்புறம் தலை. நீண்டு, மூக்குப் பக்கம் ஒடுங்கி, கண்கள் உச்சியை நோக்கி ஏறியிருக்கும். புள்ளிகளைப் பார்த்துவிட்டு இதைக் கிலுகிலுப்பை விரியன் என்று அடித்துக் கொன்றுவிடுகிறார்கள், அதுதான் மனதை உறுத்துகிறது. விரியனுக்குத் தலை அகன்ற முக்கோணம், வால் நுனியில் கிலுகிலுப்பை. இதற்கு இரண்டும் இல்லை, மனிதருக்கு ஆபத்தான நஞ்சும் இல்லை.

அந்தத் தலை வேட்டைக்கானது. வாலால் கல்லைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தில் அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் வரும் மீனைச் சட்டென்று கவ்வும். உணவு ஏறக்குறைய மீன் மட்டும்தான், அதனால் மீன் போனால் பாம்பும் போய்விடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கிரேஃபிஷ் (இறால் மாதிரியான நன்னீர் உயிரி), புல்ஃப்ராக் தவளை, ஸ்மால்மவுத் பாஸ் மீன் எல்லாம் சேர்ந்து இதன் இரையையும் குட்டிகளையும் தின்கின்றன. காட்டுத்தீக்குப் பிறகு மழையில் சாம்பல் அடித்துக்கொண்டு வந்தால் ஓடையில் மீன் மொத்தமாகச் செத்துவிடும். 2014இல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

நம் ஊர்த் தண்ணீர்ப் பாம்புக்கு இது தூரத்துச் சொந்தம். அது முட்டையிடும், இது குட்டி போடும். ஜூலை கடைசி, ஆகஸ்டு வாக்கில் குட்டிகள் பிறக்கும் என்பதால் அந்தச் சமயத்தில் கரையோரக் கற்களைப் புரட்டாதீர்கள், கல்லுக்கு அடியில்தான் இவை ஒளிந்துகொள்ளும். பார்த்துவிட்டீர்களா, சரி, கையில் எடுக்க வேண்டாம். தலையைப் பக்கவாட்டிலும் முதுகை மேலிருந்தும் தூரத்திலிருந்தே படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள்.