பிட்ஸ்பர்க்: மேப்பை நம்பி வீடு பார்க்காதீர்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் முதல் தவறு, விமானம் ஏறும் முன்பே நடந்துவிடுகிறது. ஊரில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து, "காலேஜிலிருந்து ஒரு மைல்தானே, நடந்துடலாம்" என்று வீட்டை முடித்துவிடுகிறார்கள். மேப்பில் மேடு தெரியாது. அலெகெனியும் மொனாங்கஹேலாவும் கூடி ஒஹாயோ ஆறாகும் இந்த ஊரில், ஆற்றங்கரையை விட்டால் பெரும்பாலும் மலைச்சரிவுதான். மேப்பில் தெரு என்று கோடு இருக்கும். போய் நின்றால் பெயர்ப்பலகையும் கம்பி பிடித்து ஏறும் படிக்கட்டும்தான் இருக்கும். ஊர் முழுக்க 700க்கும் மேற்பட்ட படிக்கட்டுகள். என் முதல் ஜனவரியில், இரண்டு கையிலும் மளிகைப் பையோடு அப்படி ஒன்றின் அடியில் நின்றேன். படியெல்லாம் ஐஸ். சுற்றிப் போக இருபது நிமிடம். தயிர் டப்பா கல்லாகிவிட்டது.

அடுத்தது, "டி" என்கிற ரயிலை நம்புவது. அது நகர மையமான டவுன்டவுனிலிருந்து தெற்கே போகும். 2012 முதல் ஆற்றுக்கு அடியில் புகுந்து வடகரைக்கும் போகிறது. கார்னகி மெலனும் பிட் எனப்படும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் இருக்கும் ஓக்லாண்டுக்குப் போகாது, விமான நிலையத்துக்கும் போகாது. இங்கே பஸ்தான் ராஜா. கிழக்கே 1983 முதல் பஸ்ஸுக்கென்றே தனிச்சாலை உண்டு. அதில் ஓடும் பி1 பஸ், பக்கத்தில் கார்கள் திணறும் நேரத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸிக்குக் காசை இறைக்காதீர்கள். 28எக்ஸ் பஸ் டவுன்டவுன் வழியாக ஓக்லாண்டுக்கே வருகிறது. அந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்களும் அடையாள அட்டையைத் தட்டினால் போதும், டிக்கெட் கிடையாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் காசு கொடுத்தவர்கள் உண்டு. பஸ்ஸில் "இன்பவுண்ட்" என்றால் டவுன்டவுன் பக்கம் போவது. அதை மறந்தால் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் குளிரில் நிற்க வேண்டியதுதான்.

நியூயார்க்குக்கு ரயில் இருக்கிறதே என்று டிக்கெட் போடுமுன் நேரத்தைப் பாருங்கள்: ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

புறநகரான பென் ஹில்ஸில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு மட்டும் பஸ் யோசனையே வேண்டாம். அதுவும் மேட்டின் மேல்தான். கார் வைத்திருக்கும் சீனியர் யாரென்று முதல் வாரமே விசாரித்து வையுங்கள். புளியோதரைக்காகவே போகிறவர் ஒருவராவது இருப்பார்.