பாலைவன மணற்கல் எங்கிருந்து வந்தது? தொடங்குபவர்களுக்கான செய்முறை

மணற்கல் கிடக்கும் இடம் வேறு, அதன் மணல் பிறந்த இடம் வேறு. எங்கோ ஒரு மலை தேய்ந்து, துகள்கள் ஆற்றோடும் காற்றோடும் வந்து, படுகையில் புதைந்து இறுகியிருக்கும். அந்த மலையைத் தேடுவதுதான் நம் வேலை. அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நவாஹோ மணற்கல்லை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஜுராசிக் காலத்து மணற்குன்றுகள் அவை. இன்று சயான் தேசியப் பூங்காவில் செங்குத்தான பாறைச் சுவர்களாக நிற்கின்றன.

படி 1: காற்றின் திசை

பாறைச் சுவரில் சாய்வான வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். காற்று ஏற்றிவிட்ட மணல் குன்றின் மறுபக்கம் சரிந்து விழுந்த தடங்கள் அவை. அதனால் வரி எந்தப் பக்கம் கீழிறங்குகிறதோ, காற்று அந்தப் பக்கம் நோக்கி வீசியிருக்கிறது. ஒரே சுவரைப் பார்த்துத் திசையைக் குறித்துவிடாதீர்கள். வெட்டு முகம் கோணலாக இருந்தால் சாய்வும் பொய்யாகத் தெரியும். இரண்டு முகங்கள் சந்திக்கும் மூலையைத் தேடி, காம்பஸ் வைத்து அளந்து, இப்படிப் பல இடங்களில் எடுங்கள். நவாஹோ வரிகள் பெரும்பாலும் தெற்குப் பக்கமாக இறங்குகின்றன; அப்படியானால் காற்று வடக்கிலிருந்து வந்திருக்கிறது.

படி 2: மாதிரி

வெயிலும் மழையும் அரிக்காத உட்பகுதியிலிருந்து இரண்டு மூன்று கிலோ போதும். இடத்தையும் அடுக்கையும் உடனே பையில் எழுதிவிடுங்கள். தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

படி 3: லென்ஸ், அப்புறம் மைக்ரோஸ்கோப்

பத்து மடங்கு காட்டும் கைலென்ஸில் ஒரு துகளை நிதானமாகப் பாருங்கள். காற்றில் நெடுங்காலம் மோதிய குவார்ட்ஸ் (மணலில் அதிகம் இருக்கும் கடினமான கனிமம்) மணி உருண்டையாக, தேய்த்த கண்ணாடி போல மங்கி இருக்கும். அதன்மேல் செந்தூள் போலப் படிந்திருப்பது இரும்பு ஆக்சைடு. பிறகு 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த கல் தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, 300 துகள்களாவது எண்ணுங்கள்: குவார்ட்ஸ் எத்தனை, ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் எத்தனை, பாறைத் துண்டுகள் எத்தனை. ஃபெல்ட்ஸ்பார் எளிதில் சிதையும். அது நிறைய இருந்தால் தாய்ப்பாறை, அதாவது மணல் பிறந்த பாறை, அருகில் இருந்திருக்கலாம். ஆனால் வறண்ட சூழலில் அது கூடுதல் காலம் தாங்கும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

படி 4: சிர்க்கான் வயது

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். சிர்க்கான் என்பது மணலில் சிறிதளவே இருக்கும், எளிதில் சிதையாத ஒரு கனிமம். அதன் மணி உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அனேகமாக விடாது. அப்புறம் யுரேனியம் சிதைந்து ஈயமாகிக்கொண்டே இருக்கும். இரண்டின் விகிதமே அந்த மணியின் பிறந்த தேதி. கல்லை நொறுக்கிக் கனமான திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். ஒவ்வொரு மணியையும் ஆய்வகத்தில் லேசரால் சுட்டு வயதைக் கணக்கிடுவார்கள். நொறுக்கும் கருவியையும் சல்லடையையும் மாதிரிக்கு மாதிரி நன்றாகக் கழுவுங்கள். முந்தைய மாதிரியின் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தாலும் இல்லாத மலை ஒன்று கணக்கில் வந்துவிடும். எத்தனை மணி வேண்டும்? 117 மணிகளை அளந்தால், மாதிரியில் 5 சதவீதத்துக்கு மேல் உள்ள எந்த வயதுக் கூட்டமும் (ஏறக்குறைய ஒரே வயதுள்ள மணிகளின் தொகுதி) தப்பவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

படி 5: ஒப்பிடுதல்

கிடைத்த வயதுகளைச் சுற்றியுள்ள மலைகளின் வயதுகளோடு வைத்துப் பாருங்கள். தூரத்து மலைகளையும் விடாதீர்கள். புவியியல் ஆய்வாளர்கள் டிக்கின்சன், கெரல்ஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நவாஹோ சிர்க்கான்களில் பெரும்பங்கு கண்டத்தின் கிழக்கு ஓரத்து அப்பலாச்சியன் மலைப்பகுதியின் வயதுகளோடு பொருந்தியது. காற்று வடக்கைக் காட்டுகிறது, சிர்க்கான் கிழக்கைக் காட்டுகிறது. இரண்டும் சரிதான். பெரிய ஆறுகள் கண்டத்தைக் கடந்து மேற்கே மணலைக் கொண்டுவந்து கொட்ட, அதைக் காற்று தெற்கே வாரிச் சென்றது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஒரு எச்சரிக்கை. சிர்க்கான் சொல்வது மணி பிறந்த காலத்தை மட்டுமே, வந்த வழியை அல்ல. அதே மணி நடுவழியில் வேறொரு மணற்கல்லில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கி, மறுபடி அரிக்கப்பட்டும் வந்திருக்கலாம். ஆகவே மூலமலையின் பெயரை எழுதும் முன், வழியில் உள்ள பழைய மணற்கற்களிலும் அதே வயதுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.