மாமியாரை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள்

போன வாரம் காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ரெண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சீரியலுக்கு வசனம் எழுதப் போகிறார்களாம். அவர்கள் நீட்டிய சீன் பேப்பரைப் படிக்கப் படிக்க, எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த கோளாறுகள் ஒன்று விடாமல் எதிரே வந்து நின்றன. கன்டின்யூட்டி (முந்தின ஷாட்டில் கட்டிய சேலை அடுத்த ஷாட்டில் மாறிவிடுவது) மாதிரிச் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன், அதைப் பார்த்துக்கொள்ள செட்டில் ஆள் உண்டு.

திட்டுகிறார்களே என்று திருத்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நான் வேலை பார்த்த ஒரு தொடரில் மருமகளைப் பாடாய்ப் படுத்தும் மாமியார். ப்ரோமோ வந்தால் போதும், கீழே வசவுதான். சந்தையில் நிறுத்தி "அவளை எப்பத் திருத்துவீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. சரி, ஜனங்கள் கேட்கிறார்களே என்று கதை விவாதத்தில் நான்தான் மல்லுக்கட்டி, ஒரே வாரத்தில் அவளுக்கு நெஞ்சுவலி வரவைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருமகள் கையைப் பிடித்து அழவைத்தேன்.

அது ஒளிபரப்பான அன்று ஊரில் இருந்தேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு பணியாரம் சுட்டுக் கொடுக்காதவ, இன்னைக்கு அழுதா நான் நம்பணுமாக்கும்" என்று எழுந்து போனார். மறுநாள் டிவி பக்கமே வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் பார்க் (BARC) ரேட்டிங் வந்தபோது, எழுந்து போனது அவர் மட்டும் இல்லை என்று தெரிந்தது. உடனே திருப்பிப் பிடிக்கவும் வழியில்லை. மூன்று வார எபிசோடுகள் ஏற்கெனவே எடுத்து முடித்து பேங்கில், அதாவது கையிருப்பில் கிடந்தன, அத்தனையிலும் அவள் சாந்த சொரூபி. கடைசியில் ஒரு நாத்தனாரை இறக்கினோம், அவள் எதற்கு வந்தாள் என்று எங்களுக்கே தெரியாது.

திட்டுகிறவர் தினமும் பார்த்துத்தான் திட்டுகிறார். எதிர்நீச்சல் தொடரில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனை வையாத வீடு உண்டா? 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது அதே வீடுகள்தான் கலங்கின. திருத்தியே ஆகவேண்டும் என்றால், யாரும் பார்க்காதபோது மாமியார் மருமகளுக்கு நாலு பணியாரம் மூடி வைக்கட்டும். மறுநாள் பழையபடி கத்தட்டும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஜனங்களே ஒரு மாசம் காத்திருப்பார்கள்.

"இழுக்கிறாங்க" என்றதும் வேகம் கூட்டுவது

உடனே ஒரு விபத்து, ஒரு கடத்தல்! சொன்னதையே மூன்றாம் தடவை சொல்வதும், கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் ஏழு முகத்துக்கு ரியாக்‌ஷன் ஷாட் போடுவதும்தான் பார்க்கிறவர்களுக்கு இழுவை. எங்கள் ஊர்க் கதையான நாதஸ்வரம் தொடர், ஆயிரமாவது எபிசோடை 2014 மார்ச் 5 அன்று வெட்டே இல்லாமல் 23 நிமிடம் 25 விநாடி ஒரே ஷாட்டில், நேரலையாகக் கொடுத்துக் கின்னஸில் ஏறியது. அதை இழுவை என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரே அடுப்பு

கல்யாணமானதும் "வேறு வைப்பது", அதாவது மகனையும் மருமகளையும் தனியாகச் சமைத்துக்கொள்ள விடுவது, நகரத்தார் வழக்கம். ஒரே வளவில் (பெரிய வீட்டில்) புள்ளிக்கொரு, அதாவது தம்பதிக்கொரு அடுப்பு எரியும். மாமியாரும் மருமகளும் ஒரே சமையல்கட்டுச் சாவிக்கு அடித்துக்கொண்டால் இங்கே சிரிப்பார்கள்.

கனவு சீன்

வேண்டாம்.

நடிகர் மாறினால் பதறுவது

"இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போடுங்கள், போதும். அப்பத்தா ரெண்டு நாள் முனகிவிட்டுப் பழகிக்கொள்வார். ஆனால் அந்த மாமியார் விஷயத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார். போன பொங்கலுக்குக்கூட, "ஏண்டா, அவ நெசமாவே திருந்திட்டாளா, இல்ல நடிச்சாளா?" என்று கேட்டார்.