காலைநேர டிக் டிக் சத்தமும் சரியான என்ஜின் ஆயிலும்

பாளையங்கோட்டையில் நான் வாங்கிய பழைய பெட்ரோல் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினின் மேல்பகுதியிலிருந்து டிக் டிக் என்று ஒலி எழுப்பி, சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் அளவு மேல்கோட்டை ஒட்டியே இருந்தது, ஆனால் துணியில் துடைத்தபோது பாகுபோல இழுபட்டது. முந்தைய உரிமையாளரின் பில்லில் 20டபிள்யூ-50 என்று கெட்டியான ஆயிலின் எண் இருந்தது. கார் நிறுவனத்தின் கையேடோ 5டபிள்யூ-30 என்கிறது.

திருநெல்வேலி வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் என்ஜின் சூடேறிய பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், அதன் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை எவ்வளவு என்பதையும் குறிக்கின்றன. வெளியே 40 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் என்ஜினின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பதால், சித்திரை வெயிலை மட்டும் காரணம் காட்டிக் கையேட்டை மீற வேண்டியதில்லை. மாறாக, கெட்டியான ஆயில் காலையில் வால்வுப் பகுதிக்கு ஏறிச் சேரத் தாமதமாகிறது, அந்த இடைவெளியில் தேய்மானம் கூடுகிறது.

வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சியிடம் பழைய ஆயிலை முழுவதும் வடிக்கச் சொல்லி, ஃபில்டரையும் மாற்றி, ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்கு வகுத்த தரம்) தரமுள்ள 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயிலை ஊற்றினோம். மறுநாள் காலையிலேயே ஒலி நின்றுவிட்டது. டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள டீசல் கார் வைத்திருப்பவர்கள் எண்ணோடு நிற்காமல், அந்த வடிகட்டியை அடைக்காதபடி எரியும்போது சாம்பல் குறைவாக விடும் வகையா என்பதையும் கையேட்டோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.