மியூனிக்கிலிருந்து வெளியூர்: கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மியூனிக் வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைத்தான். அது கொஞ்சம் பொறுக்கட்டும். முதல் சனிக்கிழமைக்கு டேகர்ன்சே அல்லது ஷ்லீர்சே ஏரி போதும். மெயின் ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்; முன்பதிவு எதுவும் வேண்டாம்.

அந்த ரயிலில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று ஊருக்குப் போகும் வண்டிகளை ஒன்றாகக் கோத்துத்தான் மியூனிக்கிலிருந்து விடுவார்கள். ஹோல்ஸ்கிர்ஷனில் ஷ்லீர்சே வழியாக பைரிஷ்செல் போகும் பகுதி கழன்றுவிடும். மீதி இரண்டும் ஷாஃப்ட்லாக்கில் பிரிந்து, ஒன்று டேகர்ன்சேக்கும் மற்றொன்று லெங்ரீஸுக்கும் போகும். பிளாட்பாரப் பலகையில் மூன்று பெயரும் இருக்கும் என்பதால் அதை நம்பி ஏறாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். கூட்டத்தில் ஆளுக்கொரு கதவில் ஏறினால் பிள்ளைகள் ஒரு ஏரிக்கும் பெற்றோர் இன்னொரு ஏரிக்கும் போய்ச் சேர வேண்டியதுதான். திரும்பும்போது இந்தக் கவலை இல்லை.

டிக்கெட்டுக்கு வருவோம். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ) வைத்திருப்பவர் வேறெதுவும் வாங்க வேண்டாம். அது சந்தா, நிறுத்துவதென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும், மறந்தால் அடுத்த மாதப் பணமும் போகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பயர்ன் டிக்கெட் (மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், ஆள் கூடக் கூட விலை கொஞ்சம் கூடும். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். 8:50 வண்டியில் ஏறினால் அபராதம். சனி, ஞாயிறு, பவேரிய விடுமுறை நாட்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. டிக்கெட்டில் பெயர் எழுதாவிட்டால் செல்லாது. இரண்டு டிக்கெட்டிலுமே ஐசிஇ, ஐசி, ஈசி என்ற தொலைதூர விரைவு வண்டிகளில் ஏறக் கூடாது.

கோனிக்சே ஏரிக்கு ஃபிரைலாஸிங்கில் மாறி பெர்ஷ்டெஸ்காடன், அங்கிருந்து பஸ். போகவே மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால் விடிகாலையில் கிளம்ப வேண்டும். படகுக்குத் தனி டிக்கெட். 1909 முதல் இங்கே மின்சாரப் படகுதான். நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தி, படகோட்டி பாறைச் சுவரைப் பார்த்து ட்ரம்பெட் ஊதுவார், எதிரொலி திரும்பி வரும். சில்லறை வைத்திருங்கள், தொப்பி சுற்றி வரும். 35 நிமிடத்தில் சங்க்ட் பார்தோலோமே என்ற கரையோரத் தேவாலயம். அங்கிருந்து கரையோரமாக நடந்து திரும்பப் பாதை கிடையாது. ஆகவே இறங்கியதும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் மாலை வரிசை நீளம்; கடைசிப் படகை நம்பியிருக்க வேண்டாம்.

நொய்ஷ்வான்ஷ்டைனுக்கு ஃப்யூசன் வரை இரண்டு மணி நேரம், பிறகு பஸ், பிறகு அரை மணிக்கு மேல் ஏற்றம். கோட்டை டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். ரயில் லேட் என்று சொல்லிப் பயனில்லை. ஆன்லைனில் முன்பே எடுங்கள், ஃப்யூசன் சேரும் நேரத்துக்கும் சுற்றுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். 1869இல் தொடங்கிய கோட்டை 1886இல் மன்னர் லூட்விக் இறந்தபோது முடியவில்லை. அதனால் உள்ளே பார்க்க அரை மணி நேரம்தான்.

சால்ஸ்பூர்க் வரை டாய்ச்லாண்ட், பயர்ன் இரண்டு டிக்கெட்டும் செல்லும், ஆனால் அது ஆஸ்திரியா. திரும்பும் வழியில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது சகஜம். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகவே கையில் இருக்க வேண்டும், போனில் படம் போதாது. அட்டை வரும்வரை தந்த தற்காலிகச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம். அதில் 81(3) என்ற சட்டப் பிரிவுக்கான கட்டத்தில் குறி இருந்தால், வெளியே போனவர் அதை வைத்து ஜெர்மனிக்குள் திரும்ப முடியாது.

வியன்னா (சுமார் 4 மணி நேரம்) போன்ற நீண்ட பயணத்துக்கு ஷ்பார்பிரைஸ் என்ற சலுகை விலை டிக்கெட் மலிவு, ஆனால் குறித்த வண்டியில் மட்டும் செல்லும். ஜெர்மனிக்குள் போகும் பயணத்தில், போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு வண்டியில் போகலாம். பக்கத்து ஊரில் இருப்பவர்கள் ஒரே டிக்கெட்டாக வீட்டு ஸ்டேஷனிலிருந்தே எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் மியூனிக் வந்து வண்டியைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். புளிச்சாதத்தைச் சனிக்கிழமையே கட்டி வையுங்கள். மலைக் குடில்களில் பல இடங்களில் கார்டு எடுக்காது, கையில் ரொக்கமும் இருக்கட்டும்.