ஆசியான் வரிச் சலுகையைக் கைநழுவவிடாமல் பெற

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குள் நம் சரக்கு குறைந்த வரியில் நுழைய வழிசெய்யும் இந்தியா–ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மேடையில் அதைப் புகழ ஆள் உண்டு. காகிதம் சரியில்லாவிட்டால் மலேசியாவின் பினாங்கு துறைமுகத்தில் உங்கள் சரக்குப் பெட்டிக்கு முழு வரிதான். தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பொருளின் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டை வாங்குபவரிடம் கேட்டு ஒத்துப்பாருங்கள். அங்கே சாதாரண வரியே பூஜ்யம் என்றால் இந்தப் பாடு எதற்கு?

அடுத்தது பூர்விகம், அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்பது. பொது விதிப்படி, ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் இந்தியா அல்லது ஆசியான் மதிப்பாக இருக்க வேண்டும்; வெளி மூலப்பொருளின் ஆறு இலக்கக் குறியீடும் மாறியிருக்க வேண்டும். 100 ரூபாய் எவர்சில்வர் பாத்திரத்தில் சீனத் தகடு 65 ரூபாய்வரை இருக்கலாம். குறியீட்டின் முதல் நான்கு இலக்கமே தகட்டுக்கு 7219, பாத்திரத்துக்கு 7323. குறியீடு தானாகவே மாறிவிடுகிறது. அதே தகடு ஆசியான் பூர்விகச் சான்றோடு இந்தோனேசியாவிலிருந்து வந்தால் நம் கணக்கில் சேரும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்த ஒப்பந்தத்துக்கான பூர்விகச் சான்றிதழின் பெயர் ஏ.ஐ. படிவம் (Form AI). அதற்குக் கப்பல் புறப்படும் முன்பே இணையத்தில் விண்ணப்பியுங்கள். பிற்பாடு வாங்கவும் வழி உண்டு, அலைச்சல் அதிகம்.

பெட்டி கொழும்பில் கப்பல் மாறுகிறதா? இலங்கை ஆசியானில் இல்லை. ஆகவே தூத்துக்குடியிலிருந்து பினாங்குவரை முழுப் பயணத்துக்கும் ஒரே கப்பல் சரக்கு ரசீதாக (bill of lading) கேட்டு வாங்குங்கள். கொழும்பில் பெட்டியை இறக்கி ஏற்றலாம். சரக்கு அங்கே விற்பனைக்குள் நுழையக் கூடாது.